லோகநாதன் வீட்டுப் படிகள்

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் அந்தக் குறுக்குத் தெருவில் வெள்ளத்தை யாரும் அடிக்கணக்கில் சொல்வதில்லை. லோகநாதன் வீட்டுப் படியில் சொல்வார்கள். தெருவிலேயே உயரமாகக் கட்டிய பழைய வீடு அது. "ரெண்டாயிரத்து பதினஞ்சுல மூணாம் படி, போன புயல்ல ரெண்டாம் படி" என்றால் நேற்றுக் குடிவந்தவருக்குக்கூடப் புரிந்துவிடும்.

எதிர்வீட்டு சித்திகாவுக்கும் அதுதான் அளவு. பி.காம். படித்தவர். திருமணத்துக்குப் பிறகு கணவர் அயூபின் அலுமினிய ஜன்னல் கடையில் வருடக்கணக்காக பில் போட்டார். 2023 டிசம்பர் புயலில் அவர்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. ஃப்ரிட்ஜ் மிதந்தது. வீட்டைக் கழுவி முடித்த பிறகும் அவருக்கு ஒரு கேள்வி ஓயவில்லை: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுத்த முறை எவ்வளவு வரும்? முப்பத்தாறு வயதில் முதுகலையில் சேர்ந்தார். காலநிலை, சுற்றுச்சூழல், ஆற்றல் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் படிப்பு. எந்தப் பட்டதாரியும் சேரலாம் என்பதால் வகுப்பில் ஒரு வழக்கறிஞர் இருந்தார், வரலாறு படித்தவர் இருந்தார், ஜெரூஷா என்ற சிவில் இன்ஜினியர் பெண்ணும் இருந்தாள். காலையில் காற்றாலைக் கணக்கு, மதியம் கடலோரச் சட்டம், அதற்குப் பிறகு நெல்வயலில் எழும் மீத்தேன். முதல் பருவம் முழுக்க சித்திகா திணறினார். இரண்டாம் பருவத்தில் கையை உயர்த்திக் கேள்வி கேட்டார்.

ஆய்வுக்குத் தன் தெருவையே எடுத்துக்கொண்டார். வீடு வீடாகப் போனார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அன்று மூன்றாம் படி, இப்போது இரண்டாம் படி. ஆகவே தண்ணீர் குறைந்திருக்கிறது; இடையில் கட்டிய மழைநீர் வடிகால் வேலை செய்கிறது. அவரது ஆய்வின் முடிவும் அதுவே ஆனது.

அந்த முடிவுக்காக ஒருவர் காத்திருந்தார். லோகநாதனின் மனைவி தையல்நாயகி.

லோகநாதன் மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புயலுக்கு அடுத்த ஆண்டு பக்கவாதம் வந்து படுத்தார். வீட்டில் இருப்பது அவர்கள் இருவர் மட்டும். தண்ணீர் உள்ளே வந்தால் அவரைத் தூக்க ஆளில்லை. மழைக்கு முன் பெருங்களத்தூரில் முதல் மாடி வீடு ஒன்றுக்குப் போய்விட தையல்நாயகி பேசி வைத்திருந்தார். லோகநாதனுக்கு இஷ்டமில்லை. அவர் கட்டில் தெரு ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. போகிற வருகிறவர்கள் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அவருக்கு மிச்சமிருந்த ஊர் அவ்வளவுதான்.

"இன்னா சித்திகா, நீதான் இத்த படிக்கிற. நாங்க போவணுமா, இருக்கலாமா?"

"இருங்கக்கா. தண்ணி ஒவ்வொரு தடவையும் குறையுது. உங்க வீட்டுக்குள்ள வராது."

உள்ளேயிருந்து லோகநாதன் குழறலாகக் கத்தினார்: "கேட்டியா? நம்ம சித்திகா டாக்டரே சொல்ட்டாங்க!"

மாடி வீடு வேண்டாம் என்று தையல்நாயகி சொல்லிவிட்டார்.

செப்டம்பரில் தெருவில் பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டினார்கள். ஒரு மாலை, கல்லூரியிலிருந்து திரும்பிய சித்திகா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பள்ளத்தின் ஓரமாக நடந்தார். லோகநாதன் வீட்டு வாசலில் பொக்லைன் சாலையை அறுத்திருந்தது. தார், ஜல்லி, மறுபடி தார், மறுபடி ஜல்லி, அடியில் பழைய தார். அதையொட்டி, வாசலோர ஈர மண்ணுக்குள், சிவப்பு சிமெண்ட் பூசிய இரண்டு படிகள்.

"யக்கா, தள்ளிப் போ, மண்ணு சரியும்" என்று வேலையாள் கத்தினார்.

சித்திகா நகரவில்லை. வாசலில் தெரிகிற படிகள் மூன்று. புதைந்தவை இரண்டு. 2015-இல் அந்த வீட்டுக்கு ஐந்து படிகள். பிறகு, புயலுக்கு முன்பே, பழைய தாரைச் சுரண்டாமல் இரண்டு முறை சாலை போட்டார்கள். அடிப்படிகள் உள்ளே போயின. ஒவ்வொரு நாளும் அதில் ஏறி இறங்கியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. புயலில் 'இரண்டாம் படி' என்று தெரு முழுக்கச் சொன்னது, பழைய கணக்கில் நான்காம் படி. தண்ணீர் குறையவில்லை, ஏறியிருக்கிறது. இன்னும் ஒரு படி ஏறினால் வாசல்.

வீட்டுக்கு வந்து அயூபிடம் சொன்னார். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"காலேஜ்ல இன்னா சொல்வாங்க?"

"திருத்தி எழுதச் சொல்வாங்க. அது கிடக்கட்டுங்க. எதிர்வீட்டுல நான் வாய்விட்டுச் சொல்லிட்டேனே."

"மழை இன்னும் வரல. இந்த வருஷம் வராமயே கூடப் போவும். அந்த மனுஷன் சந்தோஷமா கீறாரு. அத்த ஏன் கெடுக்கற?"

"வந்துச்சுன்னா?"

மறுநாள் சித்திகா ஜெரூஷாவை வரவழைத்து, அவள் கொண்டுவந்த மட்டக் கருவியால் அளந்து பார்த்தார். கணக்கு மாறவில்லை. "சரிதான்க்கா. போய்ச் சொல்லிடுங்க" என்றாள் ஜெரூஷா.

தையல்நாயகி கதவருகிலேயே நின்று கேட்டார்.

"போன மாசம் வராதுன்ன. இந்த மாசம் வரும்ன்ற. நீ படிக்கிறியா, கிளி ஜோசியம் பாக்கிறியா?"

"தப்பா சொல்லிட்டேன்க்கா. படி புதைஞ்சிருந்தது எனக்குத் தெரியல."

"உனக்குத் தெரியலன்னா? அந்த மனுஷன் மறுபடி சோறு துன்ன ஆரம்பிச்சதே நீ சொன்ன பேச்சுலதான்."

சித்திகா தலைகுனிந்து நின்றார். "வந்தே தீரும்னு சொல்லலக்கா. வந்தா, அண்ணன் படுத்திருக்கிற உயரம் பத்தாது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

உள்ளே லோகநாதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சித்திகா போன பிறகு மனைவியிடம் ஒன்றுதான் கேட்டார்: "அந்த வூட்ல ரோடு தெரியுமா?"

"தெரியும்" என்றார் தையல்நாயகி. அவர் பார்த்த அறையின் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருந்தது.

அக்டோபர் முதல் வாரத்தில் அயூப் கடைப் பையன்களோடு வந்து, லோகநாதனை நாற்காலியோடு தூக்கி வேனில் ஏற்றினார். தெருக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். "மழ முடிஞ்சா வந்துடுவ மச்சான்" என்றார் ஒருவர். லோகநாதன் சிரிக்க முயன்றார்.

அந்த ஆண்டு தெருவில் மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது. தண்ணீர் லோகநாதன் வீட்டு முதல் படியைக்கூடத் தொடவில்லை. பெருங்களத்தூரில் லோகநாதன் பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டைக் குறைத்தார். டிசம்பர் கடைசியில், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே இறந்துபோனார்.

திருத்தி எழுதிய ஆய்வைத் தேர்வாளர் பாராட்டினார். புதைந்த படிகளின் புகைப்படத்தை இரண்டு முறை காட்டச் சொன்னார். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. சித்திகா அதை வீட்டில் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் காரியம் சொந்த வீட்டில்தான் நடந்தது. வந்தவர்கள் கிளம்பிய பிறகு சித்திகா பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தையல்நாயகி கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வரல சித்திகா."

"ஆமாக்கா."

"இங்கயே இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு. இல்ல?"

"இருந்திருக்கலாம்."

திட்டு வரும் என்று சித்திகா காத்திருந்தார். வரவில்லை.

"ஹவுஸ் ஓனர் மாடி வூட்ட காலி பண்றியா, இருக்கியான்னு கேக்கிறான். நா ஒண்டிக்கட்டை. எனக்கு இந்த வூடுதான் கீது. திரும்பி வந்துடட்டா?"

சித்திகா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "மழைக்காலத்துல வேணாம்க்கா. இந்தத் தடவ வரலன்றதால அடுத்த தடவ வராதுன்னு இல்ல."

"வராதுன்னு பொய்யாவது சொல்லேன்டி."

வெளியே யாரோ பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சித்திகா மாட்டேன் என்று தலையசைத்தார். கண் நிறைந்தது.

தையல்நாயகி அவரையே பார்த்தபடி இருந்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, மூலையில் விட்டுப்போயிருந்த தன் தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் நீ புடி. பெருங்களத்தூருக்கு இத்தயும் எடுத்துனு போவணும். வேன் வந்துடும்."