சாக்குக்குள் போன ரோசி

பண்டத்தரிப்பு இராசநாயகத்தாருக்குத் தை மாதம் கண்புரை எடுத்தார்கள். தூசி படக்கூடாது, குனியக்கூடாது, அழக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டதால், மூன்று கிழமை இருந்துபோகப் புத்தூரிலுள்ள மகள் உதயகலா வீட்டுக்கு வந்தார். வந்த மனுசன் சும்மா இருந்தாரா? படலையைத் திறந்ததும் பேத்தி தாரிகாவின் நாய்க்குட்டி ரோசி காலைச் சுற்ற, கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“உது பெட்டையெல்லே தம்பி? நாளைக்குக் குட்டி போட்டு வளவை நிறைச்சுப்போடும். எங்கையாவது கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ.”

“ஓம் மாமா,” என்றான் மருமகன் வாகீசன். மாமனாருக்கு மறுசொல் சொல்லிப் பழகாத பிள்ளை.

துரத்தச் சொன்ன மனுசனிடமே அந்தக் குட்டி போய் ஒட்டிக்கொண்டது. சாய்மனைக் கதிரையில் கிடந்தவரின் பாதத்தில் தாடையை வைத்து நாள் முழுக்கப் படுத்தது. நாலாம் நாள் தேத்தண்ணியில் தோய்த்த பாண் துண்டொன்று அவர் கையிலிருந்து தவறி விழுந்தது. ஐந்தாம் நாள் அவரே போட்டார். மகள் வரும் சத்தம் கேட்டால் “சீ, போ” என்று காலால் தள்ளுவார். தாரிகா மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். “அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை,” என்று கெஞ்சினார். தான் எழும்பினால் தன்னோடு எழும்ப ஒரு உயிர் இருந்தது அவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மருமகனிடம் சொன்ன சொல்லைத் திருப்பி எடுப்பது மரியாதைக் குறைச்சல் அல்லவா! இன்றைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்தினார்.

பன்னிரண்டாம் நாள் காலை பாண் துண்டோடு காத்திருந்தார். குட்டியைக் காணவில்லை.

“ரோசி எங்கை பிள்ளை?”

“நீங்கள் சொன்னனீங்களெல்லே அப்பா. தாரிகா பள்ளிக்கூடம் போனாப்பிறகு, சாக்குக்குள்ளை போட்டு வெங்காயத்தோடை நெல்லியடிச் சந்தைக்குக் கொண்டுபோயிட்டார். இவ்வளவு நாளும் நேரம் கிடைக்கேல்லையெண்டு அவருக்கு வெக்கம்.”

“போன் எடு. விடவேண்டாமெண்டு சொல்லு.”

சந்தை இரைச்சலில் வாகீசனுக்குப் போன் கேட்கவில்லை. கேட்டபோது குட்டியை விட்டு ஒரு மணித்தியாலமாகிவிட்டது. மத்தியானம் வரை தேடிவிட்டு வெறுஞ்சாக்கோடு வந்தான். தானும் தேடப் புறப்பட்ட கிழவரை, செம்மண் தூசிக்குப் பயந்து மகள் படலையிலேயே மறித்து இருத்தியிருந்தாள்.

பள்ளிக்கூடத்தால் வந்த தாரிகா கத்தினாள். “ஆர் விடச் சொன்னது?”

வாகீசன் மாமனார் பக்கம் திரும்பவில்லை. “நான்தான் கொண்டுபோய் விட்டனான்,” என்றான்.

இராசநாயகத்தார் வாயைத் திறந்தார். சொன்னால் பேத்தியும் தன்னை விட்டுப் போய்விடுவாளே என்று பயந்தார். பாவி மனுசன், சொல்லவில்லை.

பின்னேரம் வழக்கம்போல் தாரிகா கண்மருந்தோடு வந்தாள். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. அவருடைய கண்ணாடியைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அழாதேங்கோ அம்மப்பா, டொக்டர் கூடாதெண்டவர். ரோசியிலை நீங்கள் எவ்வளவு பட்சமெண்டு எனக்குத் தெரியும். இனி அப்பாவோடை நான் கதைக்க மாட்டன்.”

விட்ட மருந்துத் துளி கண்ணீரோடு வழிந்து போனது. அவள் தன் சட்டையால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு துளி விட்டாள்.