மடியில் ஓர் அல்லோசரஸ்

இன்று சாயங்காலம் திருவரங்குளம் போகும் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. எனக்கு மட்டும் எப்படியோ ஜன்னலோர சீட் கிடைத்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், "பாப்பாவ செத்த வச்சுக்கிறீங்களாக்கா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் குழந்தை என் மடியில் இருந்தாள். அவள் கையில் வாயைப் பிளந்தபடி ஒரு பிளாஸ்டிக் டைனோசர்.

"இது பேரு அல்லோசரஸ். கறி மட்டும்தான் திங்கும்."

"அந்தப் பேருக்கு என்னடா அர்த்தம்?"

அவளுக்குத் தெரியவில்லை. போனில் தேடினேன். கிரேக்க மொழியில் 'வேறு மாதிரியான பல்லி' என்று அர்த்தமாம். பெயர் வைத்த காலத்தில் தெரிந்திருந்த மற்ற டைனோசர்களின் முதுகெலும்பு மாதிரி இல்லையாம் இதனுடையது.

கொஞ்சம் யோசித்தாள். "ஒங்க வீட்ல பாப்பா இருக்கா?"

"இல்லடா."

"வேற யாரு இருக்கா?"

"நான் மட்டும்தான்."

"அப்ப நீங்களும் வேற மாதிரியா?"

"ஏய், சும்மா இருடி!" என்று அம்மா அதட்டினார்.

நான் சிரித்துவிட்டு மீதியையும் படித்துச் சொன்னேன். அதே மாதிரி முதுகெலும்புள்ள டைனோசர்கள் பிற்பாடு நிறையக் கிடைத்தனவாம். ஆனாலும் யாரும் பெயரை மாற்றவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். அல்லோசரஸின் குட்டிக் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள்.

மடி காலியானதைப் பார்த்து வேறு யாரோ ஓர் அரிசிப் பையை வைத்தார்கள். குழந்தையைவிடக் கனம். என் ஊர் வரும்வரை அது என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

நீங்களாவது ஏதாவது கேளுங்கள்.