பூ வைத்த முதல் பக்கம்

கலியபெருமாள் அண்ணன் போய்விட்டார் என்று, ஊருக்கு வந்திருந்த அவர் மகள் அமுதா மருத்துவமனையிலிருந்து போனில் அழுதபோது நான் முதலில் செய்த காரியம், எங்கள் சங்கத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்ததுதான். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தின் அடியில், வழக்கமான இடத்தில், நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பூ இல்லை, விளக்கு இல்லை. அப்படியென்றால் யாரும் எதையும் பார்த்து ஏமாறவில்லை, செய்தி உண்மைதான் என்று புரிந்தது.

இதென்ன கூத்து என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். காரைக்காலில் எங்கள் சங்கத்து மனிதர்களுக்குக் காரணம் தெரியும். தெரிந்தவர்களும் இன்னொருமுறை கேளுங்கள். அவரைப் பற்றிப் பேச எனக்கு இப்போது இதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அண்ணன் பிரான்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. ஓய்வு பெற்றதும் மகளைப் பாரீசுப் பக்கம் விட்டுவிட்டு வேதவல்லி அண்ணியோடு ஊருக்கே வந்துவிட்டார். பிரான்சு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சான்று அனுப்ப வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுபோகும். முடியாதவர்களுக்கு அந்தக் காகித வேலையைச் செய்துகொடுக்கத்தான் அவர் சங்கம் தொடங்கினார். என் அப்பாவும் சொல்தா என்பதால் என்னைப் பிடித்துச் செயலாளராக உட்கார வைத்தார். உடன்பிறக்காவிட்டாலும் நான் அவருக்குத் தங்கை, அமுதாவுக்கு அத்தை.

ஒருநாள் திடீரென்று, "தேவகிம்மா, நமக்கும் ஒரு வெப்சைட் வேணும்" என்றார். இருவருக்கும் அதில் ஆனா ஆவன்னா தெரியாது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, பக்கத்துக்கு ஒரு கட்டம் வரைந்தார். "வர்றவங்க வாசல்ல நின்னு என்ன கேப்பாங்களோ, அத வாசல்லயே எழுதிடணும்" என்று எனக்குப் பாடம் வேறு. வாசல் என்றால் முதல் பக்கம். சரி என்று தலையாட்டிவிட்டுக் கட்டத்தைப் பார்த்தால், முதல் பக்கத்தின் தலைமாட்டில் அவருடைய படத்துக்கு இடம் விட்டிருக்கிறார்.

"வாசல்ல எதுக்குண்ணே உங்க படம்?"

"யாரு வீடுன்னு தெரிய வேணாமா?"

கொடுத்த படம், ராணுவ உடுப்பில் இளவயதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நான் தட்டுத்தடுமாறிக் கற்று ஏற்றியதைப் பார்த்துவிட்டு, "வெறிச்சுன்னு இருக்கு, நாலு பூ போடுங்க" என்றார். சாமந்தியும் ரோஜாவுமாகச் சட்டம் போட்டேன். நல்ல காரியம் தொடங்குகிறோமே என்று படத்தின் இருபுறமும் குத்துவிளக்கு வைக்கச் சொன்னதும் அவர்தான். தினமும் பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணுக்கு அது பூவாகத்தான் தெரிந்தது.

தளம் வெளியான அன்று காலை, முகவரியை அமுதாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூட ஒரு சொல் எழுதவில்லை. எழுதவும் மாட்டார், விரல் தடுமாறும் அவருக்கு. அப்படியே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு விழிதியூருக்குக் கிளம்பினார். அங்கே படுக்கையில் கிடந்த பெரியவர் ஒருவரிடம் சான்றுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். யார் வீட்டுக்குள் போனாலும் போனை அணைத்துவிடுவது அவர் பழக்கம்.

அண்ணி அப்போது மகளோடு பிரான்சில் இருந்தார். இதயத்தில் அறுவை செய்துகொண்டவர்.

நான் மதியச் சாப்பாட்டைத் திறக்கும்போது அமுதாவின் அழைப்பு வந்தது.

"அத்த, அப்பாவுக்கு எப்ப ஆச்சு?"

"என்ன ஆச்சு? காலையில ஆபீசுல என்னோட சண்டை போட்டுட்டுதானே போனாங்க."

"மறைக்காதீங்க அத்த. அப்பா நம்பர்லேருந்து யாரோ பூ வெச்ச படம் அனுப்பியிருக்காங்க. போன் பண்ணா அணைஞ்சு கெடக்கு. அம்மா அதப் பாத்துட்டு விழுந்துட்டாங்க. பேச்சே வரல."

என் போனில் தளத்தைத் திறந்தேன். அதுவரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டுமே பார்த்திருந்தோம். போனில் திரை முழுக்க அந்தப் படம்தான் வந்தது. உடுப்பு, பூ, இருபுறமும் விளக்கு, கீழே அவர் பெயர். எழுத்தெல்லாம் எங்கோ அடியில் கிடந்தது. அது முதல் பக்கம், வேறொன்றும் இல்லை என்று அமுதாவிடம் எத்தனையோ விதமாகச் சொன்னேன்.

"அப்பா பேசட்டும். அம்மா காதுல அப்பா கொரல் விழணும்" என்றாள். பின்னால் யாரோ அவசரமாகப் பிரெஞ்சில் பேசுவது கேட்டது.

ஸ்கூட்டரை எடுத்தேன். அறுவடைக் காலம். பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, மீதிப் பாதியில் லாரி வந்தது. நெல்லில் ஏற்றினால் வழுக்கும், ஓட்டவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நடுவில் நிறுத்தி அவர் எண்ணுக்குப் போட்டேன். அணைந்தேதான் கிடந்தது. அப்போதுதான் அந்த இன்னொரு பயம் வந்தது. வயதானவர், தனியாக வண்டியில் போயிருக்கிறார். நாங்கள் போட்ட படம் பலித்துவிட்டால்? என்ன பொம்பளை நீ என்று என்னையே திட்டிக்கொண்டு, சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

அவருடைய வண்டி அந்த வீட்டு வாசலில் நின்றது. உள்ளே பெரியவரின் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்னங்கம்மா, இப்படி மூச்சு வாங்குது?" என்றார்.

"நீங்க செத்துப்போயிட்டீங்கண்ணே!" என்று கத்தினேன். அழுகையும் கூடவே வந்துவிட்டது.

நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் வாய்க்கால் கரைக்கு ஓடினோம். ராணுவத்தில் இருந்த மனிதர் என் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அமுதா தன் போனை அம்மாவின் காதில் வைத்திருக்க வேண்டும்.

"வேதா, நான்தான். விழிதியூர்ல நிக்கிறேன். இங்க அறுப்பு நடக்குது. வேதா, கேக்குதா?"

அவர் திரும்பத் திரும்ப அறுப்பைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை போலும். பிறகு மெல்லிய குரல் ஒன்று எனக்கும் கேட்டது.

"சாப்டீங்களா?"

அவர் அந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்கித் தரும் சங்கம், தன் தலைவருக்கே பூப்போட்டுப் படம் மாட்டிவிட்டது என்று ஊர் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கே படத்தைத் தூக்கிவிட்டுப் புதிய தாளில் கட்டங்களைப் போட்டார். தலைமாட்டில் 'உயிர்ச்சான்று அனுப்புவது எப்படி?' என்ற வரி வந்தது. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தையும், சம்பந்தமில்லாத ஒருவரிடம் போனில் காட்டாமல் வெளியிட விட்டதில்லை. டீக்கடைக்காரர், பக்கத்துப் பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா என்று யார் அகப்பட்டாலும் விடமாட்டார். "பாத்ததும் என்ன தோணுது?" என்று கேட்பார். "அவங்க சொல்றவரைக்கும் நாம வாயத் தொறக்கக் கூடாது" என்பது எனக்கு இட்ட கட்டளை. என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும்.

அந்தப் பூப்படத்தை அழிக்கப் போனேன். "இருக்கட்டும், ஒருநாள் வேணும்ல" என்று சிரித்தார். நன்றாகத் திட்டிவிட்டேன்.

காரியம் முடிந்த பிறகு, தளத்தில் அண்ணனுக்கு ஒரு பக்கம் போடச் சொன்னார்கள். அதே உடுப்பு, அதே பூ, அதே விளக்குகள். வெளியிட மனம் வரவில்லை. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். போனை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன்.

"பாத்ததும் என்ன தோணுது அண்ணி?"

கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் நின்றேன். அண்ணி போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். திரையில் இருந்த பூவை விரலால் தடவினார்.

"அவங்க இல்லன்னு தோணுது" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "சரியாத்தான் இருக்கு. போடு."