கற்பூரத்துக்குக் காத்திருந்த காலை

எங்கள் கடைக்கு எதிரே இரண்டாவது சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மடியில் மகன் தூங்குகிறான். அவனைக் கடைப் புழுதியில் வளர்ப்பது சரியா, படித்த படிப்புக்கு வேறு வேலை தேடியிருக்க வேண்டுமா என்றெல்லாம் யோசனை ஓடுகிறது. இப்படி யோசிக்கும்போது, முதல் சூப்பர் மார்க்கெட் வந்த வருடம் நினைவுக்கு வரும். அப்போது நான் நான்காம் வகுப்பு.

புதுச்சேரியில், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் மளிகைக்கடை. அத்தாவின், அதாவது என் அப்பாவின், பாட்டனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் வைத்தது. “கடை வந்த பிறகுதான் துறைமுகமே வந்துச்சு” என்று அத்தா சொல்வார். ஏதோ எங்களைக் கேட்டுத்தான் துறைமுகத்தைக் கட்டினார்கள் என்பதுபோல இருக்கும்.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதற்கு முந்தின நாள், படகுக்காரர்கள் பூசைக்கான கற்பூரத்தை எங்களிடம்தான் வாங்குவார்கள். அன்றைக்குப் போணி அவர்களுடையது. அவர்கள் வந்து வாங்கும்வரை வேறு யாருக்கும் ஒரு தீப்பெட்டிகூடக் கொடுக்க மாட்டோம். பாட்டனாரின் கைராசி என்பார்கள் அவர்கள். ராசியில் எல்லாம் எங்களுக்கு நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொண்டே, எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு வருடம்கூட அதைத் தவறவிட்டதில்லை.

அந்த வருடம் எதிரே கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் புதுக்கடை. கற்பூர டப்பா ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாசலில் பலகை வேறு. படகுக்காரர்கள் வரும் நாளுக்கு முந்தின மாலை, அத்தாவின் தம்பி, என் சாச்சா, அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“அண்ணே, நாளைக்கு ஒருத்தனும் இங்க வரமாட்டான். பேசாம கடைய வாடகைக்கு விட்டுட்டு உக்காரலாம்.”

அத்தா, “நாளைக்கு வரலன்னா நீ சொல்றபடி செய்றேன்” என்றார். அம்மா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

வழக்கமாகக் கடை திறக்கும்போதே படகுக்காரர்கள் நிற்பார்கள். மறுநாள் காலை ஒருவரும் இல்லை. மற்றவர்கள் வந்தார்கள். உளுந்துக்காக இட்லிக்கடை அக்கா, காபித்தூளுக்காக சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர் என்பதால் சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லால் அவரைச் சொல்தா என்றே தெருவில் கூப்பிடுவோம். வந்த எல்லாரிடமும் அத்தா, “கொஞ்சம் பொறுங்க, படகுக்காரங்க வரட்டும்” என்றார்.

வெயில் ஏறியது. கடைவாசலில் கூட்டமும் ஏறியது. எனக்கு அவமானமாக இருந்தது. என் வகுப்புப் பையனின் அம்மாவும் கையில் காலிப் பையோடு நின்றிருந்தார். நான் துறைமுகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வெள்ளக்காரன் மூட்டையைக் கட்டின அன்னிக்கே எனக்குக் காபித்தூள் கொடுத்த கடைய்யா இது” என்றார் சொல்தா தாத்தா. “இன்னிக்கி கற்பூரத்துக்காக என்னைச் சாவடிக்கறியே பாய்!”

“காபி குடிக்கலன்னா பென்ஷனை நிறுத்திடுவானா? நில்லு தாத்தா” என்றாள் இட்லிக்கடை அக்கா.

சாச்சா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “எதுக்கு வெயில்ல நிக்கறீங்க? எதிர்ல திறந்துதானே இருக்கு, போய் வாங்கிக்குங்களேன்” என்றார்.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பினாள். “எதிர்ல கடை இருக்கறது எங்க கண்ணுக்குத் தெரியலையா? உளுந்து எங்க வாங்கணும்னு எனக்குத் தெரியும். நீ சும்மா இருப்பா.”

கூட்டம் சிரித்தது. சாச்சாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அதுவரை என்னைப்போலவே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தா எழுந்து, உளுந்தை அளக்க ஆரம்பித்தார். பிறகு காபித்தூள், பிறகு பருப்பு. எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. கட்டிக்கட்டி வரிசையாக மேசைமேல் வைத்தார். வாய்க்குள் ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தார். கவலையில் அத்தாவுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்தேன்.

உச்சி வெயிலில் ஒரு டெம்போ வந்து நின்றது. படகுக்காரர்கள் குதித்து இறங்கினார்கள். கோயிலில் பூசாரி வரத் தாமதமானதால் அங்கேயே காத்திருந்தார்களாம்.

அவர்களில் மூத்தவர் மேசையைப் பார்த்து முகம் சுளித்தார். “என்ன பாய், எங்களுக்கு முன்னாடியே போணி பண்ணிட்டியா?”

“கட்டித்தான் வச்சிருக்கேன். இன்னும் ஒருத்தர் கைக்கும் போகல. கேட்டுப்பாரு.”

“கேளுங்க, நல்லாக் கேளுங்க” என்றார் சொல்தா தாத்தா.

அத்தா கற்பூரத்தை இரு கையாலும் கொடுத்தார். அடுத்த நிமிடம் மேசை காலியானது. சாச்சாவே கற்பூரப் பெட்டியைச் சுமந்துபோய் டெம்போவில் ஏற்றினார். வாடகைப் பேச்சு அதோடு போயிற்று.

நான் வீட்டுக்கு ஓடி, “படகுக்காரங்க வந்துட்டாங்கம்மா! கடை பொழச்சுக்குச்சு!” என்று கத்தினேன். பின்னாலேயே வந்த அத்தா அதைக் கேட்டுச் சிரித்தார், மறுத்துச் சொல்லவில்லை.

உளுந்தை அளக்கத் தொடங்கிய பிறகு அத்தா அந்தச் சாலைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அதை நான் கவனித்தேன். ஏன் என்றுதான் அன்று எனக்குத் தெரியவில்லை. வெயிலில் காலிப் பையோடு நின்றவர்களில் ஒருவர்கூட எதிர்க்கடைக்குப் போகவில்லை என்பது, இப்போது கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது.