அடிக்காத பெயிண்ட்

நீங்கள் என் அட்வான்ஸ் பணத்தைத் திருடிவிட்டீர்கள், மாமா. இதற்கு வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

சிதம்பரத்தில் உங்கள் மாடியில் ஆறு வருஷம் வாடகைக்கு இருந்தேன். நமக்குள் உறவு எதுவும் கிடையாது. முதல் நாள் நான் மாமா என்றேன், நீங்கள் மாப்ள என்றீர்கள். அதற்குப் பிறகு எந்த வாயால் ஒப்பந்தம் எழுதச் சொல்வேன்? அறுபதாயிரத்தை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். ரசீதுகூடக் கேட்கவில்லை.

செம்மங்குப்பத்தில் வேலை கிடைத்ததும் கடலூருக்குக் குடிவந்தோம். இங்கேயும் அட்வான்ஸ் கேட்டார்கள். நீங்கள் தந்துவிடுவீர்கள் என்று நம்பி மனைவியின் தம்பியிடம் வாங்கிக் கொடுத்தேன். அவன் தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருக்கிறான். எஞ்சினைச் சரிசெய்ய வைத்திருந்த பணம் அது.

காலி செய்த அன்று, “சாவியக் குடுத்துட்டுப் போ மாப்ள. பெயிண்ட் அடிச்சிட்டுப் பாத்துக்கலாம். நான் எங்க ஓடிடப் போறேன்?” என்றீர்கள். கொடுத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் எப்போது போன் செய்தாலும் அத்தைதான் எடுத்தார்.

“அவுரு கோயிலுக்குப் போயிருக்காருப்பா.”

“மத்தியானம் ரெண்டு மணிக்கா? நடை சாத்தியிருப்பாங்களே அத்த.”

“தொறக்கறவரைக்கும் ஒக்காந்திருப்பாரு.”

ஒருநாள் தவறிப்போய் நீங்களே எடுத்தீர்கள். “பெயிண்டுக்கே சரியாப் போச்சி மாப்ள. செவுரு பூரா ஆணி அடிச்சி வச்சிருக்க” என்றீர்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஆணி. புது வருஷத்துக்குக் காலண்டர் கொண்டுவந்து, நீங்களே சுத்தியலால் அடித்த ஆணி.

வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். அரசு அலுவலகத்துக்குப் போனேன். “பதிவு பண்ண அக்ரிமெண்ட் எங்க?” என்றார் அங்கிருந்தவர்.

“எழுதல சார். மாமான்னு கூப்ட்டுப் பழகிட்டோம்.”

“அப்ப மாமாகிட்டயே கேளுங்க.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வெளியே வந்து, வண்டியை எடுக்கக்கூடத் தோன்றாமல் வெயிலில் நின்றேன்.

மச்சான் முதலில் கிண்டல்தான் செய்தான். “என்னா மச்சான், ஒங்க மாமா இன்னும் கோயிலவுட்டு வரலியா?” இப்போது அதுவும் கேட்பதில்லை. எஞ்சின் பட்டறையில் கிடக்கிறது. அவன் இன்னொருவன் படகில் கூலிக்குப் போகிறான். நான் போனால் வலையைப் பார்த்தபடியே பேசுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கியது. மாடி ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே பழைய பச்சைச் சுவர். எங்கள் பீரோ நின்ற இடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது. உங்கள் ஆணியும் அப்படியே இருந்தது.

இனிமேல் போனில் கேட்க மாட்டேன். வருகிற ஞாயிறு காலை உங்கள் வாசலுக்கு வருவேன். வீடு பார்க்க வருகிறவர்களும் தெருக்காரர்களும் இருக்கும்போதே வெளியே வந்து சொல்லுங்கள். அடிக்காத பெயிண்டுக்கு என் பணம் எப்படிச் சரியாய்ப் போனது, மாமா?