மேலே இருட்டா, வெளிச்சமா

எழுபதுகளின் நடுவில், விண்வெளிக்குப் போய்த் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் மதுரைக் கல்லூரி ஒன்றில் பேச வந்தார். கம்பம் பக்கத்திலிருந்த எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். அறிவியல் ஆசிரியர் போனதில் நியாயம் உண்டு. கணக்கு வாத்தியாரான நான் போனது, எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நானே பீற்றிக்கொண்டதால்.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் எங்கள் மகள் செத்துப்போயிருந்தாள். பதினெட்டு நாள் குழந்தை. ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டவன் நான்தான். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய என் அண்ணன் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து மலையிறங்கி வரட்டும், அவன் இல்லாமல் செய்தால் முகம் கோணுவான் என்று பார்த்தேன். அவன் வருவதற்கு முந்தின நாள் விடியற்காலை, தூக்கத்திலேயே போய்விட்டாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க மாட்டார்கள். சுவருக்கு வெளியே, எருக்கஞ்செடி ஓரமாகப் புதைத்தோம். மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, இடையில் ஓரிடத்தில் இருப்பாள் என்றார் சாமியார். அந்த இடம் எப்படி இருக்கும் என்று என் மனைவி கேட்டாள். அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

நான் மதுரைக்குப் புறப்பட்டபோது, சட்டையை எடுத்துக் கொடுத்தபடி அவள் சொன்னாள்: “அம்புட்டு ஒசரம் போயிட்டு வந்தவுக. பிள்ளையப் பாத்தீகளான்னு கேக்கச் சொல்லல, எனக்கு ஒண்ணும் கிறுக்கு இல்ல. அங்கன இருட்டா, வெளிச்சமான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க.”

அரங்கில் கேள்வி எழுதத் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அவள் கேட்டதை அப்படியே தமிழில் எழுதினேன். பக்கத்திலிருந்த அறிவியல் ஆசிரியர் எட்டிப் பார்த்து, “என்ன சார், சின்னப்பிள்ளையாட்டம்” என்று சிரித்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வேறு சீட்டு வாங்கி, ராக்கெட்டின் வேகத்தைப் பற்றி ஏதோ எழுதிக் கொடுத்தேன். மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேனாம்.

கேட்காமலே பதில் வந்தது. மேலே சூரியன் எரிந்துகொண்டிருக்கும்போதே சுற்றிலும் வானம் கரியாகக் கறுத்துக் கிடக்கும் என்றார் அவர். பேராசிரியர் ஒருவர் அதைத் தமிழில் சொன்னதும் கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே கேட்டாள்: “கேட்டீகளா?”

“கேட்டேன். வெளிச்சமாத்தான் இருக்குமாம்.”

கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள். பிறகு சோறு போட்டாள். பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவளும் வயிறாரச் சாப்பிட்டாள். பொய் சொன்னதற்காக நான் வருந்தவில்லை.

சட்டையைத் துவைக்கப் போடும்போது சீட்டை மறந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால், அது மேசைமேல் விரிந்து கிடந்தது. பறக்காமலிருக்க ஓரத்தில் ஜெபப்புத்தகத்தை வைத்திருந்தாள். அவளைக் காணோம். எங்கே இருப்பாள் என்று தெரியும், போனேன். கல்லறைச் சுவருக்கு வெளியே குந்தியிருந்தாள். எதிரே மெழுகுவர்த்தி. காற்றில் அணையாமல் இரண்டு கையாலும் அணை கட்டியிருந்தாள்.

நான் கேட்கவில்லை என்பதையும், அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதையும் நின்றபடியே சொன்னேன்.

“இருட்டுன்னா இருட்டுன்னு சொல்லியிருக்கலாம்ல” என்றாள். “நேத்தே வந்து ஏத்தியிருப்பேன்.”