விசில், டிக்கெட், புட்போட் மீது விழுந்த பழி

கொக்கட்டிச்சோலையில் உதயரூபனைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவருடைய பூனைகளைத் தெரியாதவர்கள் இல்லை. இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "பஸ் நிக்கிற நேரத்துக்குள்ள பொம்பிள பாக்க ஏலுமா?" என்பார். இப்போது வீட்டில் அவரும் மூன்று பூனைகளும்தான். எதற்கெடுத்தாலும் கீச்சிடுகிறவள் விசில். தேடுகிற நேரத்தில் மட்டும் காணாமல் போகிறவன் டிக்கெட். பஸ் மிதிபலகையில் தொங்குகிறவன்போல உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் வாசற்படியிலேயே கிடக்கிற சோம்பேறி புட்போட்.

மனுசனுக்கு ஒரேயொரு கெட்ட பழக்கம், துப்பறிவது. ஊரில் யாருடைய கோழியாவது காணாமல் போனால் கூப்பிடாமலே போய் நிற்பார். மூன்று கோழிகளைக் கண்டுபிடித்தும் இருக்கிறார். அதில் இரண்டு தாமாகவே திரும்பி வந்தவை என்பதை அவர் முன்னால் சொல்லிவிடாதீர்கள், பிறகு ஒரு மணித்தியாலம் விளக்கம் கேட்க வேண்டிவரும்.

பக்கத்து வீட்டு வதனி எருமைத் தயிர் போட்டு விற்கிறவள். தயிர் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது தயிருக்கு மேலே படிந்திருக்கும் பாலாடையைத்தான். அது தடிப்பாக, கீறல் விழாமல் இருந்தால்தான் பாலில் கலப்பில்லை என்று அர்த்தம். ஆடை கலைந்த சட்டியை, ஏறாவூரிலிருந்து தயிர் எடுக்க வரும் அப்துல் கபூர் தொட்டும் பார்க்கமாட்டார். அப்படிப்பட்ட ஆடை இரண்டு வாரமாகத் தினம் ஒரு சட்டியில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. சட்டியை மூடிக் கட்டிய கடதாசி கிழிந்திருக்கும். குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சீமெந்துத் தரையில் தயிரில் தோய்ந்த பூனைக் காலடி ஒன்று, வடிவாகப் பதிந்திருக்கும்.

வதனியின் புருசன் கோணாமலை வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கத்தினார். "மச்சான்! நாளைக்கும் ஒரு சட்டி பழுதாப் போச்செண்டா, உன்ட பூனை மூண்டையும் சாக்குல கட்டிக் கரடியனாத்துக் காட்டுல விட்டிடுவன். சொல்லிப்போட்டன்!"

"எனக்கும் வேற வழி தெரியல்ல அண்ணே," என்றாள் வதனி. "கபூர் நானா இனி வரமாட்டன் எண்டு சொல்லிற்றுப் போறார்."

உதயரூபனுக்குக் கைகால் ஓடவில்லை. பூனைகள் இல்லாத வீட்டில் அவர் யாரோடு பேசுவார்? மூன்றையும் வரிசையாக இருத்தி விசாரித்தார். விசில் கீச்சிட்டாள். புட்போட் கொட்டாவி விட்டான். டிக்கெட் வழக்கம்போல நடுவில் எழும்பிப் போய்விட்டான். அட, இதுகளிடம் வாக்குமூலம் எடுப்பதை விட சுவரிடம் எடுக்கலாம்! அரிசிமாவை அள்ளித் தரை முழுக்கத் தூவி, காலடி எடுக்க ஒவ்வொன்றாகப் பிடித்து நடக்கவிட்டார். பின்னேரம் முழுவதும் அதுதான் வேலை. இருட்டுப்படும்போது அவர் மீசை, புருவம், பூனைகளின் வால் எல்லாம் ஒரே வெள்ளை. அடுத்த நாள் பிட்டுக்கு மா இல்லை. ஆனால் மனுசன் தனியே இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் வேலிக்கு அப்பால் கூச்சல். இன்றைக்கும் ஒரு சட்டி! கோணாமலை சாக்கோடு உதயரூபனின் வாசலில் நின்றார். உதயரூபன் பூனைகளையும் கூட்டிக்கொண்டு நேரே வதனியின் குசினிக்குள் போய், தரையில் குந்தியிருந்து அந்தக் காலடியைப் பார்த்தார். எண்ணினார். இன்னொருக்கா எண்ணினார். பிறகு எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார் பாருங்கள், வதனி பயந்தே போனாள்.

"தங்கச்சி, இஞ்ச வா கா. இதுல எத்தின விரல் இரிக்கி?"

வதனி குனிந்து பார்த்தாள். "அஞ்சு."

"பூனை நடந்தா நாலு விரல்தான் பதியும்! நேத்து மூண்டையும் மாவுல நடக்கவிட்டுப் பாத்தனான், பன்னிரண்டு காலுக்கும் நாலு நாலுதான். இது அஞ்சு விரலையும் கூட்டி ஒராள் குத்தின குத்து!"

பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன், கொண்டக்டர் கிட்டே வந்ததும் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்ப்பான். அது உதயரூபன் இருபத்தெட்டு வருடமாகப் படித்த பாடம். திரும்பிப் பார்த்தார். கோணாமலை குசினி வாசலில் நின்று, வெளியே தென்னை உச்சியிலிருந்த குரும்பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து விசில் போய் அவருடைய வலது கையை முகர்ந்தாள், பிறகு ஒவ்வொரு விரலாக நக்கத் தொடங்கினாள். புட்போட்கூட வாசற்படியை விட்டு எழும்பி வந்துவிட்டான் என்றால் பாருங்களேன்! பூனைகளை நாடு கடத்திவிட்டால் அடுத்த சட்டிக்கு யார் தலையில் பழியைப் போடுவது என்று அந்த மொக்குக் கோணாமலை யோசிக்கவே இல்லை.

"ஒரு கரண்டிதான் கா, வதனி," என்றார் கோணாமலை, மெதுவாக.

உதயரூபன் வெற்றிக் கூச்சல் போட வாயைத் திறந்தார். வதனியின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

"போன கிழமை கிளினிக்கில உங்களுக்குச் சீனி கூடிற்று, இனி ஊசிதான் எண்டு சொன்னாங்க," என்றாள் அவள். "என்ட சமையல்லதான் பிழை எண்டு நான் வழி நெடுக அழுதுகொண்டு வந்தன். அப்ப வாயத் திறந்தீங்களா? தினம் முப்பது சட்டிக்கு உறை ஊத்திறன். உங்களுக்குச் சீனி வருத்தம் வந்து தயிர் கூடாதெண்ட நாளில இரிந்து, மூண்டு மாசமா ஒரு கரண்டி என்ட வாயில வைக்கல்ல. நீங்க பாத்துக்கொண்டு இரிக்க எனக்கு எப்பிடி இறங்கும்?"

கோணாமலைக்கு இது தெரியாது. அவள் தயிர் தின்கிறாளா இல்லையா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. சாக்கு கையிலிருந்து விழுந்தது. பிறகு கலைந்த சட்டியைத் தூக்கி வந்து, ஒரு கரண்டியைத் தேடி எடுத்து, மிச்சமிருந்த ஆடையை ஒரு ஓரத்திலிருந்து வழித்து அவள் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

"தின்னு கா," என்றார். "நான் பாத்துக்கொண்டு இரிக்கன்."

வதனி அழுதாள், சிரித்தாள், பிறகு வாயைத் திறந்தாள். மூன்று பூனைகளும் அவள் காலடியில் வரிசையாகக் குந்தியிருந்து, அந்தக் கரண்டி சட்டிக்குள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தன.